பிரசவப் பதிவேட்டைத் திறக்கும் முன் ஒரு பக்கம் எழுதுங்கள்

கிராம சுகாதார செவிலியர்களும் பிரசவ வார்டு ஸ்டாஃப் நர்ஸ்களும் மகளிர் நல மருத்துவ இதழ்களுக்கு ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும் என்று சொன்னால், "எங்களுக்கு இங்கிலீஷ் வராதே" என்பதுதான் முதல் பதிலாக வருகிறது. மொழியைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். யாரை எண்ணினோம், எதை வைத்து அளந்தோம், யார் விடுபட்டார்கள் என்ற மூன்றுக்கும் பதில் இல்லாத கட்டுரையை எந்த ஆங்கிலமும் காப்பாற்றாது. அதனால் பதிவேட்டைத் தொடுவதற்கு முன்பே இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

ரத்தசோகையையே எடுத்துக்கொள்வோம். ஹீமோகுளோபின் 9.8 என்று எழுதியிருக்கிறது. எந்த முறையில் பார்த்தது? சாலி முறை என்றால் 20 மைக்ரோலிட்டர் ரத்தத்தை அமிலத்தில் கலந்து 10 நிமிடம் காத்திருந்து, பிறகு நிறத்தைக் கண்ணால் ஒப்பிட வேண்டும். வெளியே நாற்பது பேர் வரிசையில் நிற்கும் நாளில் மூன்றாவது நிமிடத்திலேயே நிறம் ஒப்பிட்டால் அளவு குறைவாகத்தான் காட்டும். விரலைப் பிதுக்கி எடுத்தால் திசுநீர் கலந்து அப்போதும் குறையும். ஆட்டோ அனலைசர் என்ற தானியங்கிக் கருவியில் சிரை ரத்தம் பார்த்த எண்ணையும் இதையும் ஒரே பத்தியில் சேர்த்துச் சராசரி எடுத்தால் அந்தச் சராசரிக்கு அர்த்தமே கிடையாது. எண்களை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். 10, 11 என்று முழு எண்களாகவே குவிந்திருந்தால், கண்ணால் பார்த்துக் கிட்டத்தட்ட எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். அதை மறைக்க வேண்டாம், குறைபாடுகள் பகுதியில் நேராகச் சொல்லுங்கள். எல்லைக்கோட்டையும் சொல்லியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி கர்ப்பத்தின் முதல், மூன்றாம் மும்மாதங்களில் 11-க்குக் கீழும், இரண்டாவதில் 10.5-க்குக் கீழும் போனால்தான் ரத்தசோகை. எல்லாருக்கும் 11 என்று வைத்து எண்ணிய பழைய ஆய்வோடு உங்கள் சதவீதத்தை அப்படியே ஒப்பிட முடியாது.

எத்தனை பேர் வேண்டும்? ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின் (என்எஃப்எச்எஸ்-5) கணக்கில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதை அடிப்படையாக வைத்து, 5 சதவீதப் புள்ளி முன்பின்னாகச் சரியான விடை வேண்டுமென்றால் 384 பேர் தேவை. 60 பேரை மட்டும் பார்த்தால் விடை 13 புள்ளி மேலும் போகலாம், கீழும் போகலாம். 25 பேரில் 12 பேர் என்றால் அப்படியே எழுதுங்கள். அதை 48.00 சதவீதம் என்று எழுதுவது இல்லாத துல்லியத்தைக் காட்டுவது.

நம் ஊர்த் தரவில் அதிகம் கவனிக்கப்படாத ஓட்டை தாய்வீடு. புகுந்த வீட்டு ஊரில் பதிவு செய்த பெண் வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள், பிரசவம் வேறு மாவட்டத்தில் நடக்கும். உங்கள் பதிவேட்டில் குழந்தையின் எடைக் கட்டம் காலியாக இருக்கும். காலியாக இருப்பவர்களை அப்படியே நீக்கிவிட்டால் தலைப்பிரசவக்காரர்கள்தான் அதிகம் காணாமல் போவார்கள். பிறகு "எடை குறைந்த குழந்தைகள் குறைவு" என்ற முடிவை யார் நம்புவது? பதிவானவர்கள் எத்தனை, பிரசவத் தகவல் கிடைத்தவர்கள் எத்தனை, கிடைக்காதவர்களின் வயதும் எத்தனையாவது பிரசவம் என்பதும் என்ன? இதற்கு ஒரு சின்ன அட்டவணை போட்டாலே கட்டுரையின் தரம் ஒரு படி ஏறிவிடும்.

நெறிமுறைக் குழு அனுமதியைத் தரவு எடுப்பதற்கு முன்பே வாங்குங்கள். எடுத்து முடித்த பிறகு முன்தேதியிட்டு யாரும் தர மாட்டார்கள், தரவும் கூடாது. பழைய பதிவேடுகளை அடையாளம் நீக்கிப் பார்க்கும் ஆய்வுக்கு, ஒவ்வொரு பெண்ணிடமும் தனித்தனியாக ஒப்புதல் வாங்குவதிலிருந்து விலக்கு அளிக்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமான ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகளில் இடமுண்டு. ஆனால் அந்த விலக்கைக் குழுதான் தர வேண்டும், நாமாக எடுத்துக்கொள்ள முடியாது. கர்ப்பப் பதிவுக்குத் தரும் பிக்மி எண்ணும் ஆதார் எண்ணும் கைபேசி எண்ணும் பகுப்பாய்வுக் கோப்பில் இருக்கவே கூடாது. இணைத்துப் பார்க்கத் தேவையென்றால் தனிக் கோப்பில் பூட்டி வையுங்கள். ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய கட்டுரை என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஊர், தேதி, கணவரின் தொழில் மூன்றும் சேர்ந்தால் அந்த ஊர்க்காரர்களுக்குப் பெயரே தேவையில்லை. தேவையற்ற விவரத்தை விட்டுவிடுங்கள், ஆனால் பொய்யாக மாற்றி எழுதாதீர்கள். அந்த நோயாளிக்குப் புரியும் தமிழில் வாசித்துக் காட்டி எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்குங்கள்.

எங்கே அனுப்புவது? பெயர்பெற்ற வெளிநாட்டு இதழுக்கு அலைவதைவிட, தெற்காசிய மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பான சாஃபாக்கின் இதழ் போன்ற ஒன்று நல்ல இடம் என்பது என் கருத்து. கொழும்பிலும் டாக்காவிலும் இதே சிக்கலைக் கையாளுபவர்கள் அதை வாசிப்பார்கள். மூன்று நாளில் அச்சேற்றித் தருகிறோம், பணம் கட்டுங்கள் என்று வரும் மின்னஞ்சலை அழித்துவிடுங்கள். இதழின் இணையதளத்தில் ஒட்டியிருக்கும் முத்திரையை நம்பாமல், மருத்துவக் கட்டுரைகளின் பட்டியலான பப்மெட், திறந்த அணுக்க இதழ்களின் பட்டியலான டிஓஏஜே ஆகியவற்றில் நீங்களே தேடிப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பவே கூடாது.

முதல் வரைவைத் தமிழிலேயே எழுதுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். தமிழில் தெளிவாக வராத வாக்கியம் ஆங்கிலத்தில் போனால் குழப்பம் ஒளிந்துகொள்ளுமே தவிரத் தீராது. மதிப்பாய்வாளர் கேள்விகள் வந்தால் நிராகரித்துவிட்டார்கள் என்று மூடி வைக்காதீர்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எண் கொடுத்து, கீழே பதிலும், மாற்றிய பக்கமும் வரியும் எழுதி அனுப்புங்கள். உடன்படாத இடத்தில் காரணம் சொல்லி மறுக்கலாம்.

ஆசிரியர் பட்டியலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆறு மாதம் வீடு வீடாகப் போய்த் தரவு சேர்த்த செவிலியரின் பெயர் நன்றியுரையில் ஒரு வரி, கட்டுரையை வாசிக்கவே வாசிக்காத துறைத்தலைவர் ஆசிரியர் என்பது அநியாயம். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு வைத்திருக்கும் நான்கு நிபந்தனைகளில் முதலாவதிலேயே தரவு சேகரிப்பில் கணிசமான பங்கு இடம்பெறுகிறது. அதை நிறைவு செய்தவருக்கு வரைவைத் திருத்தவும் இறுதி வடிவத்தை ஒப்புக்கொள்ளவும் வாய்ப்புத் தர வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. வரைவைக் காட்டாமலே இருந்துவிட்டு "அவர் எழுதவில்லையே" என்று பெயரை நீக்குவது விதியை மீறுவது. பதிவேட்டைத் திறக்கும் முன் எழுதும் அந்த ஒரு பக்கத்திலேயே, மூன்று பதில்களுக்கும் கீழே, யார் யார் எந்த வரிசையில் ஆசிரியர்கள் என்று எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.