கொழுந்தனாருக்காக ஒரு வாக்கு

2020 பிப்ரவரி 3 அன்று இரவு ஏழு மணிக்கு, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டெ மொயின் நகரை ஒட்டிய ஒரு பள்ளியின் கூடைப்பந்து அரங்கில் பார்வையாளனாக உட்கார்ந்திருந்தேன். குடியுரிமை இல்லாத எனக்கு அங்கே வாக்கு இல்லை; ஆனால் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் தங்கள் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கூடும் காக்கஸ் கூட்டத்தை ஓரமாக அமர்ந்து பார்ப்பதற்குத் தடையும் இல்லை. அன்று அங்கே வாக்குப்பெட்டி கிடையாது. அதிபர் வேட்பாளராக விரும்பும் ஒவ்வொருவருக்கும் அரங்கில் ஓர் இடம் ஒதுக்கினார்கள். ஆதரவாளர்கள் அங்கே போய் நிற்க, தலைகளை எண்ணினார்கள். வந்தவர்களில் 15 விழுக்காட்டை எட்டாத அணியில் இருப்பவர்கள் வேறு அணிக்குப் போகலாம், அல்லது வீட்டுக்குப் போகலாம் என்பது அப்போதைய விதி. அன்று வந்தவர்கள் 212 பேர். ஓர் அணி நிலைக்க 32 பேர் வேண்டும். ஜோ பைடன் பக்கம் 27 பேர் நின்றார்கள்.

அந்த 27 பேரில் ஒருவர், ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. களத்தில் இருந்த இன்னொருவரான எலிசபெத் வாரனின் திட்டங்களை வரிவரியாகப் படித்திருந்தவர் என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது. பிறகு ஏன் இங்கே நிற்கிறீர்கள் என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டதற்கு, தனக்குப் பிடித்தவர் வாரன்தான் என்றும், ஆனால் பென்சில்வேனியாவில் இருக்கும் தன் கொழுந்தனார் ஒரு பெண்ணுக்கு வாக்களிக்க மாட்டார் என்றும் சொன்னார். தன் வாக்கை அவர் தனக்காகப் போடவில்லை; ஆயிரம் மைல் தள்ளி இருக்கும் கொழுந்தனாருக்காகப் போட்டுக்கொண்டிருந்தார்.

வேட்பாளர்களின் பலத்தையும் பலவீனத்தையும் வாக்காளர்கள் கூட்டிக் கழித்துப் பார்ப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. பெர்னி சாண்டர்ஸுக்கு அப்போது வயது 78. நான்கு மாதங்களுக்கு முன்புதான் லாஸ் வேகாஸில் மாரடைப்பு வந்து, இரண்டு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். சவுத் பெண்ட் என்ற, சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் ஊரின் மேயராக இருந்ததுதான் 38 வயது பீட் புட்டிஜெஜின் நிர்வாக அனுபவம். கறுப்பின மக்களிடம் அவருக்கு ஆதரவு மிகக் குறைவு. பைடன் 2002இல் ஈராக் போருக்கு ஆதரவாக வாக்களித்தவர். வாரனின் கதைதான் வேடிக்கையானது. எல்லாவற்றுக்கும் திட்டம் வைத்திருப்பவர் என்பதே அவருடைய பலமாக இருந்தது. அனைவருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு தருவதற்குப் பத்து ஆண்டுகளில் கூடுதலாக 20.5 டிரில்லியன் டாலர் ஆகும் என்று 2019 நவம்பரில் கணக்கைக் காட்டியதும், அந்த எண்ணே அவரை அடிக்கும் தடியாயிற்று. கணக்குக் காட்டாதவரை விட்டுவிட்டுக் காட்டியவரைப் பிடித்துக்கொள்வது எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை. இருந்தாலும் இவையெல்லாம் வேட்பாளரைப் பற்றிய பேச்சு. இதில் சரி தவறு பார்க்கலாம், ஆதாரம் கேட்கலாம்.

ஆனால் 'நவம்பர் அதிபர் தேர்தலில் ஜெயிக்கக்கூடியவர் யார்' என்ற கேள்வி வந்துவிட்டால், பேச்சு வேட்பாளரை விட்டு நகர்ந்து, முகம் தெரியாத மூன்றாம் மனிதரின் மனத்தைக் குறிபார்ப்பதாகிவிடுகிறது. 2004இல் இதே அயோவாவில், ஈராக் போரைக் கடுமையாக எதிர்த்த ஹோவர்ட் டீனை விட்டுவிட்டு, வியட்நாம் போரில் பதக்கங்கள் பெற்ற ஜான் கெர்ரியைப் பலர் தேர்ந்தெடுத்ததற்கு இந்தக் குறிபார்ப்பு ஒரு முக்கியக் காரணம். போர்வீரரை நாட்டுப்பற்று இல்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது என்பது அவர்கள் போட்ட கணக்கு. ஆகஸ்டில் அந்தப் போர்ச் சேவையையே குறிவைத்து விளம்பரங்கள் ஓடின. நவம்பரில் புஷ் மீண்டும் வென்றார்.

எதிர்ப்பக்கம் சொல்வதற்கும் ஆள் உண்டு, அவர்கள் சொல்வதில் பொருளும் உண்டு. 2020 பிப்ரவரி 29 அன்று தெற்குக் கரோலினாவின் கறுப்பின வாக்காளர்கள், அயோவாவில் நான்காவதாகவும் நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவதாகவும் வந்திருந்த பைடனைத் தூக்கி நிறுத்தினார்கள். மூன்றே நாட்களில், 14 மாநிலங்கள் வாக்களித்த செவ்வாய்க்கிழமையில், அவர் பத்தில் வென்றார். அதிலும் வெள்ளையர் யாருக்கு வாக்களிப்பார்கள் என்ற கணக்கு இருந்தது, அந்தக் கணக்கு பலிக்கவும் செய்தது. ஆனால் அவருக்கு ஆதரவு தெரிவித்த, அந்த மாநிலத்தின் கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினர் ஜேம்ஸ் கிளைபர்ன் முன்வைத்த காரணம், ஜோவை எங்களுக்குத் தெரியும், அதைவிட முக்கியமாக ஜோவுக்கு எங்களைத் தெரியும் என்பதுதான். அது அடுத்தவர் மனத்தை ஊகித்துச் சொன்னதன்று, பழகியவர் சொன்ன சாட்சி. கொழுந்தனார் கணக்கையும் இதையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியவில்லை.

வேட்பாளர்களின் பலம், பலவீனம் பற்றிய இந்த வாக்குவாதங்கள் சலிப்பூட்டுபவை என்று நினைத்திருந்த நான், 2024க்குப் பிறகு அப்படி நினைப்பதில்லை. பதவியில் இருந்த அதிபர் பைடனை எதிர்த்து வலுவான எவரும் இறங்காததால், 81 வயது என்ற பலவீனத்தைக் கட்சிக்காரர்கள், வேட்பாளரைக் கட்சிக்குள் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலில் பெரிதாகப் பேசவில்லை. டிரம்புடனான ஜூன் 27 விவாதத்தில் அதை நாடே பார்த்த பிறகு, ஜூலை 21 அன்று அவர் விலகினார். அவருக்குப் பதிலாக வந்த கமலா ஹாரிஸுக்காக, அவருடைய தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் வழிபாடு நடந்ததை நம்மில் பலர் பெருமையோடு பகிர்ந்தோம். ஆனால் 2019 டிசம்பரிலேயே போட்டியிலிருந்து விலகிவிட்ட அவர், எந்த மாநிலத்தின் முதல்நிலைத் தேர்தலிலும் உரசிப் பார்க்கப்படாமலேயே வேட்பாளரானார் என்பதை அவருடைய பலமாக என்னால் எண்ண முடியவில்லை.

அந்தப் பள்ளி அரங்கில் பைடன் அணிக்கு மேலும் ஐந்து பேர் கிடைக்கவில்லை. அணி கலைந்தது. அந்தப் பெண்மணி சற்று நேரம் தன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பக்கத்தில் முதல் விருப்பமாகப் பைடன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். பிறகு மேலங்கியை எடுத்துக்கொண்டு, அரங்கின் மறுகோடியில் நின்ற வாரன் அணியை நோக்கி நடந்தார். அங்கே கைதட்டினார்கள்.