1.5 டிகிரியோடு கதை முடியவில்லை
“1.5 டிகிரியைத் தாண்டிவிட்டோம், இனி என்ன செய்தும் பயனில்லை” என்று நான் படித்த புவி வெப்பமாதல் கட்டுரை முடிவதை என்னால் ஏற்க முடியவில்லை. தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட உலகின் சராசரி வெப்பநிலை 2024-ல் 1.5 டிகிரிக்கு மேல் கூடியது உண்மைதான். ஆனால் புவி வெப்பத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட பாரிஸ் ஒப்பந்தத்தின் இலக்கு ஒற்றை ஆண்டுக் கணக்கல்ல, நீண்டகாலச் சராசரி. சரி, அந்தச் சராசரியே தாண்டினாலும் ஒவ்வொரு 0.1 டிகிரிக்கும் மதிப்பு உண்டு. பவளப்பாறையைப் பாருங்கள். கடல்நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தாலே, பவளம் தனக்குள் வாழும் பாசியை வெளியேற்றிவிட்டு எலும்பு தெரிய வெளுத்துப்போகிறது. சீக்கிரம் குளிர்ந்தால் பிழைத்துக்கொள்ளும். உலக வெப்பம் 1.5 டிகிரி கூடினால் பவளப்பாறைகளில் 70 முதல் 90 சதவீதம் அழியும், 2 டிகிரியில் 99 சதவீதத்துக்கு மேல் என்று 2018-லேயே ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி சொன்னது. மிஞ்சும் அந்தக் கொஞ்சத்திலிருந்துதானே மறுபடி துளிர்க்க வேண்டும்? அப்புறம், கார்பன் டை ஆக்சைடு உமிழ்வு நிகர பூஜ்யத்தைத் தொட்டால், அதாவது வெளியேற்றும் அளவும் காற்றிலிருந்து அகற்றும் அளவும் சமமானால், வெப்பம் ஏறுவதும் பெரும்பாலும் நின்றுவிடும் என்பதைக் கட்டுரை சொல்லவே இல்லை.