உள் கார்பன் பயந்தவர்களுக்கானது அல்ல

கடந்த ஞாயிற்றுக்கிழமை நம் டேபிள் டென்னிஸ் அரங்கில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். பதின்மூன்று வயதுப் பையனின் பேட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னர் கார்பனா? அடிக்கப் பயப்படுகிறவர்கள்தான் இதை வாங்குவார்கள்" என்று எல்லோர் முன்னிலையிலும் ஒரு மூத்த ஆட்டக்காரர் சொன்னார். அந்த பிளேடை, அதாவது ரப்பர் ஒட்டும் மரப்பகுதியை, அவனுக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான். நான்கு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

விஸ்காரியா, இன்னர்ஃபோர்ஸ் லேயர் ஏஎல்சி என்ற இரண்டு பிளேடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பட்டர்ஃப்ளை நிறுவனத்தின் தயாரிப்பு. இரண்டிலும் ஐந்து மர அடுக்குகள், இரண்டு ஏஎல்சி அடுக்குகள், நடுவில் கிரி மரம். அரிலேட் இழையையும் கார்பன் இழையையும் சேர்த்து நெய்ததுதான் ஏஎல்சி. விஸ்காரியாவில் அந்த இழை, கடினமான கோட்டோ மர மேலடுக்குக்கு நேர் கீழே இருக்கிறது; இதுதான் வெளி கார்பன். இன்னர்ஃபோர்ஸில் இரண்டு லிம்பா மர அடுக்குகளுக்கும் கீழே, கிரியை ஒட்டி இருக்கிறது; இதுதான் உள் கார்பன், அதாவது இன்னர் கார்பன். ஆகவே இன்னர்ஃபோர்ஸில் மெதுவாகத் தொடும்போது மரம் வளைந்து பந்தைச் சற்றுப் பிடித்துக்கொள்கிறது, முழு வீச்சில் அடித்தால் கார்பனின் வேகமும் கிடைக்கிறது. இதில் பயம் எங்கே வந்தது? இழை ஒன்றுதான், இடம்தான் வேறு.

இதை ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சீன வீரர் ஜாங் ஜிகே விஸ்காரியாவில் ஆடித் தங்கம் வென்றதைப் பார்த்த வேகத்தில், பல மாதச் சேமிப்பைப் போட்டு நானும் விஸ்காரியா வாங்கினேன். வரும் அடியைத் தடுத்துத் திருப்பும் பிளாக்கும் மேசையை ஒட்டிய எதிர் அடியும் அற்புதமாக வந்தன. ஆனால் கீழ்ச்சுழலோடு வரும் பந்தை மெதுவாகத் தூக்கி டாப்ஸ்பின், அதாவது மேல்சுழல், போடுவதுதான் என் ஆட்டத்தின் உயிர். அந்தப் பந்துகள் மேசைக்கு வெளியே போய் விழுந்தன. பயந்து கையை இழுத்துக்கொள்ளத் தொடங்கினேன். என்னைப் பயப்பட வைத்தது வெளி கார்பன்தான் என்பதை அந்தப் பெரியவர் தயவுசெய்து கவனிக்க வேண்டும்.

"சீன சாம்பியன் ஃபான் செண்டோங் பெயரிலேயே வெளி கார்பன் பிளேடு வருகிறதே" என்பீர்கள். வருகிறது. ஆனால் 2016 ரியோ ஒலிம்பிக்கிலும் டோக்கியோ ஒலிம்பிக்கிலும் ஒற்றையர் தங்கம் வென்ற சீன வீரர் மா லாங் ஆடியது உள் இழை பிளேடில். அவரும் அடிக்கப் பயந்தவரா? "பிளாஸ்டிக் பந்து வந்தபின் சுழல் குறைந்துவிட்டது, வேகம்தான் வேண்டும்" என்பவர்களுக்கு ஓரளவு நியாயம் உண்டு; மேசையை விட்டு விலகாமல் தட்டையாக அடித்து ஆடுகிறவருக்கு நானே வெளி கார்பனைத்தான் சொல்வேன். ஆனால் சுழலை நம்பி ஆடுகிறவருக்கு, பந்தில் சுழல் குறையக் குறைய, அதைப் பிடித்துச் சுழற்ற உதவும் பிளேடுதானே கூடுதலாகத் தேவைப்படும்?

பிளேடின் தடிமனில் குறைந்தது 85 சதவீதம் இயற்கை மரமாக இருக்க வேண்டும், ஓர் இழை அடுக்கு 0.35 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேச விதி. இவ்வளவு மெல்லிய இழை எங்கே இருக்கிறது என்பதை வைத்து ஒரு பிள்ளையின் துணிச்சலை அளப்பது என்ன நியாயம்? அவன் இரண்டு ஆண்டுகள் ஐந்தடுக்கு மர பிளேடில் ஆடி, வீச்சு சீரானபின் கார்பனுக்கு வந்தவன். அவனுடைய அப்பா கடன் வாங்கித்தான் அதை வாங்கித் தந்தார். சாம்பியன் பெயரைப் பார்த்து வாங்கி, ஆறு மாதத்தில் பாதி விலைக்கு விற்கும் பெற்றோரை ஆண்டுதோறும் பார்க்கிறேன். இப்படிப்பட்ட ஒரு சொல்லைக் கேட்டுத்தான் அவர்களும் வாங்கியிருக்கிறார்கள்.

நேற்று அந்தப் பையன் பயிற்சிக்கு வந்தபோது, கைப்பிடியில் பிளேடின் பெயர் தெரியாதபடி டேப் சுற்றியிருந்தான். நான் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பெரியவரிடம் மட்டும் ஒன்று கேட்கிறேன்: வரும் ஞாயிறு வாருங்கள், அவனுடைய டாப்ஸ்பினை இருபது நிமிடம் எதிரே நின்று பிளாக் செய்யுங்கள், பிறகு உங்கள் கருத்தை அவனிடம் நேரில் சொல்லுங்கள்.