பொன்னாடையைத் திரையாகப் பிடித்த மாலை

கடந்த ஞாயிற்றுக்கிழமை தருமபுரியில், மூத்த தெருக்கூத்துக் கலைஞர்கள் மூவருடன் நடந்த பொது உரையாடலுக்குப் போயிருந்தேன். நல்ல எண்ணத்தோடு ஏற்பாடு செய்த நிகழ்ச்சிதான் என்றாலும், அதன் முதல் ஒரு மணி நேரத்தை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் தீரவில்லை. வரவேற்புரையும் பொன்னாடைகளும் பாதி நேரத்தை விழுங்கின. மீதி நேரத்தில் நெறியாளர் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: கூத்து அழிகிறதே, என்ன செய்யப் போகிறீர்கள்? 50 ஆண்டுகள் துரியோதனன் வேடம் கட்டிய மனிதர், பிளாஸ்டிக் நாற்காலியில் கைகளை மடியில் வைத்தபடி, தம்முடைய ஓய்வூதிய மனு எந்த மேசையில் நிற்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

வறுமையைப் பேசக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மாசி, பங்குனியில் தொடங்கும் பாரதத் திருவிழாக் காலம் ஆடியோடு ஓய்ந்தால், கூலி வேலைக்கோ பெங்களூருக்கோ போகிறவர்கள் நம் மாவட்டத்துக் கூத்துச் செட்டுகளில், அதாவது கூத்துக் குழுக்களில், உண்டு. ஆனால் சங்கீத வித்துவானை மேடையேற்றினால் ராகத்தைப் பற்றிக் கேட்கிற நாம், கூத்து வாத்தியாரை மேடையேற்றினால் ரேஷன் அட்டையைப் பற்றி மட்டும் கேட்கிறோமே, அது ஏன்? அவருக்கு ஒரு வித்தை தெரியும் என்பதை உள்ளூர நாம் நம்பவில்லை என்றே எனக்குப் படுகிறது.

அந்த மாலையைக் காப்பாற்றியவர், பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா. மைக்குக்குக் காத்திராமல் எழுந்து, "வாத்தியாரே, தபசு மரத்துல ஏறிக்கிட்டே பாடுறீங்களே, மூச்சு வாங்காதா?" என்று கேட்டார். அர்ச்சுனன் தபசுக்கு நட்ட மரத்தில் ஏறி, கீழே ஈரச்சேலையோடு பிள்ளை வரம் வேண்டிக் காத்திருக்கும் பெண்களுக்கு மேலிருந்து வில்வமும் எலுமிச்சையும் போடும் வேடத்தை எத்தனையோ முறை கட்டிய அந்தப் பெரியவர், அதுவரை ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர், நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தார். "பாடும்போது ஏற மாட்டேம்மா. நான் ஒரு அடி பாடி நிறுத்துவேன். பின்பாட்டுக்காரன் அதை வாங்கிப் பாடுவான். அவன் பாடி முடிக்கிறதுக்குள்ள ஒரு படி." பின்பாட்டு வெறும் துணைப்பாட்டு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், ஆடுகிறவனின் மூச்சே அதில்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு நெறியாளருக்கு வேலை இருக்கவில்லை. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வேடம் கட்டுகிறவர், ஒரே கேலியை ஓசூர்ப் பக்கம் தெலுங்கிலும் பாலக்கோட்டுப் பக்கம் கன்னடத்திலும் எப்படி மாற்றிச் சொல்வார் என்று காட்டினார். மூன்று மொழியிலும் சிரிப்பு விழும் இடம் வேறு வேறாக இருந்தது. கல்யாண முருங்கைக் கட்டையில் செய்த கிரீடமும் புஜக்கட்டையும் எடை குறைந்தவை என்றாலும், விடிய விடிய ஆடும்போது முதலில் வலிப்பது தோள் அல்ல, கழுத்துதான் என்றார் துரியோதனன்.

1977-இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமி, தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்தை அணுகியபோது, அழியும் பொருளாக அதைப் பார்க்கவில்லை. நடிகனின் உடலுக்கும் குரலுக்குமான பயிற்சியை அதில் கண்டார். அந்தப் பார்வை நம் மேடைகளுக்கு வர இன்னும் எத்தனை ஆண்டுகள் வேண்டும்? இத்தகைய உரையாடலுக்கு நாற்காலியைவிட நாலடிக்கு நாலடி வெறும் தரை முக்கியம். மிருதங்கக்காரரையும், முகவீணை என்ற ஊதுகருவி வாசிப்பவரையும் சேர்த்து அழைக்க வேண்டும். கேள்வி கேட்பவர் ஓர் இரவாவது உட்கார்ந்து முழுக் கூத்துப் பார்த்திருக்க வேண்டும். (பத்து மணிக்கு வந்து செல்ஃபி எடுத்துப் போனது கணக்கில் வராது.)

கடைசியில் துரியோதனன் எழுந்து, தமக்குப் போர்த்திய பொன்னாடையைக் கழற்றி, முன்வரிசைப் பையன்கள் இருவரிடம் கொடுத்து, திரையாகப் பிடிக்கச் சொன்னார். கூத்தில் முக்கிய வேடங்கள் திரைக்குப் பின்னால் நின்று பாடிய பிறகுதான் வெளியே வரும். நீட்டிய மைக்கைப் புறங்கையால் ஒதுக்கினார். இப்போது கூத்துக்களத்திலும் மைக் தொங்குகிறது என்றாலும், அந்தக் கூடத்துக்கு அவர் குரலே போதுமாக இருந்தது. ஜரிகைக் கரைக்குக் கீழே, சலங்கை இல்லாத இரண்டு பாதங்கள் மட்டும் தெரிய, திரைக்குப் பின்னாலிருந்து விருத்தம் எழுந்தது. முன்வரிசையில் கைப்பேசிகள் தாழ்ந்தன.

விருத்தம் முடிவதற்குள் ஏற்பாட்டாளர் ஒருவர் வந்து, கூடத்தைப் பூட்ட வேண்டும் என்று காதோடு சொன்னார். பையன்கள் துணியை இறக்கினார்கள். துரியோதனன் இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்தபடி எங்களைப் பார்த்து, "நான் இன்னும் வெளியவே வரலையேப்பா" என்றார்.