"பத்து" என்ற எண்ணுக்குக் காசு கொடுக்கும் பெடியளுக்கு

எங்கட திருகோணமலையில் கொஞ்ச நாளாக இளம் பெடியள் படக் கார்ட் சேர்க்கிறார்கள். உவர்மலையில், உப்புவெளியில், அங்கால கிண்ணியாவிலும் இருக்கிறார்கள். பெரும்பாலும் போக்கிமொன், பிறகு கால்பந்து, கொஞ்சம் கிரிக்கெட். எனக்கு இது பெரிய சந்தோசம். ஒரு பொருளைக் கையில் எடுத்து, அதன் ஓரத்தையும் மூலையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற பழக்கம் நல்ல பழக்கம்.

ஆனால் ஒரு விசயம் மனதை உறுத்துகிறது. கனடாவில் இருக்கும் மாமா அனுப்பிய காசு, முதல் வேலையின் முதல் சம்பளம், இதையெல்லாம் கொடுத்து பி.எஸ்.ஏ. 10 போட்ட புதுக் கார்ட்களை வாங்குகிறார்கள். அந்தப் பிளாஸ்டிக் கூட்டைக் காட்டி, "அண்ணா, இது பத்து. இனி இப்பிடி ஒண்டு கிடைக்காது" என்கிறார்கள். கிடைக்கும் தம்பி. அடுத்த வருசம் இன்னும் கூடக் கிடைக்கும். அதை விளக்கத்தான் இந்த நீண்ட பதிவு.

தெரியாதவர்களுக்காக: பி.எஸ்.ஏ. என்பது 1991இல் தொடங்கிய அமெரிக்கக் கம்பனி, கலிபோர்னியாவில் இருக்கிறது. கார்ட்டை அனுப்பினால் மூலை, ஓரம், மேற்பரப்பு, படம் நடுவில் நிற்கிறதா என்று பார்த்து 1 முதல் 10 வரை தரம் போட்டு, கூட்டில் அடைத்துத் திருப்பி அனுப்புவார்கள். எந்தக் கார்ட் எத்தனை வந்தது, அதில் எத்தனைக்கு என்ன தரம் கிடைத்தது என்ற கணக்கையும் வெளியிடுவார்கள். அதற்குப் பொப் ரிப்போர்ட் என்று பெயர். பெடியள் அதில் கடைசிக் கட்டத்தில் இருக்கும் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு: மற்றதெல்லாம் எங்கே போனது?

1952இல் டொப்ஸ் கம்பனி வெளியிட்ட மிக்கி மான்டில் கார்ட்டை எடுங்கள். மான்டில் அமெரிக்க பேஸ்போல் வீரர். எங்களுக்கு அந்த விளையாட்டு தேவையில்லை, கதைதான் தேவை. அவருடைய கார்ட் அந்த வருடத் தொகுதியின் கடைசிப் பகுதியில் வந்தது. அது கடைக்கு வரும்போது விளையாட்டுக் காலம் முடிகிற நேரம், பிள்ளைகளின் கவனம் வேறு விளையாட்டுக்குப் போய்விட்டது. விற்காமல் மிஞ்சிய பெட்டிகள் வருடக்கணக்காகக் களஞ்சியத்தில் கிடந்தன. 1960இல் அந்தத் தொகுதியை வடிவமைத்த சை பேர்கர் என்பவரே அவற்றைப் படகில் ஏற்றிக்கொண்டுபோய் அட்லாண்டிக் கடலில் கொட்டினார். இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்த பழைய சரக்கு, அவ்வளவுதான் அப்போது அதற்கு மதிப்பு. விற்றுப்போனவற்றையோ பிள்ளைகள் இறப்பர் பட்டி போட்டுக் கட்டினார்கள், சைக்கிள் கம்பியில் செருகி ஓட்டினார்கள், சுவரில் எறிந்து விளையாடினார்கள். பிறகு அம்மாமார் வீட்டைக் கூட்டும்போது குப்பையில் போட்டார்கள்.

இன்றைக்கு அந்த மான்டில் கார்ட் பி.எஸ்.ஏ.யிடம் ஆயிரத்து ஐநூறுக்கும் மேல் போயிருக்கிறது. அதில் 10 வாங்கியவை 3. 9 வாங்கியவை 6. 2022 ஓகஸ்டில் எஸ்.ஜி.சி. என்ற இன்னொரு கம்பனி 9.5 போட்ட ஒரு பிரதி 12.6 மில்லியன் டொலருக்கு ஏலம் போனது. அது எண்பதுகளில் ஒரே இடத்தில் கண்டெடுக்கப்பட்ட, கை படாமல் கிடந்த ஒரு தொகுதியிலிருந்து வந்தது. அதன் சொந்தக்காரர் 1991இல் 50,000 டொலர் கொடுத்து வாங்கியிருந்தார். கவனியுங்கள், அது அவ்வளவு சுத்தமாகத் தப்பியதற்குக் காரணம் யாரும் அதைக் காப்பாற்ற நினைத்ததல்ல. யாருமே திறந்து பார்க்காததுதான். மற்றதெல்லாம் எங்கே போனது என்ற கேள்விக்கு இங்கே தெளிவான பதில் உண்டு. கடலுக்குள், குப்பைக்குள், சைக்கிள் கம்பிக்குள். அவை திரும்பி வரப்போவதில்லை.

பழசு என்றாலே அரிது என்றும் நினைக்கவேண்டாம். 1979இல் கனடாவில் ஓ-பீ-சீ கம்பனி வெளியிட்ட வெய்ன் கிரெட்ஸ்கியின் முதல் ஹொக்கி கார்ட்டுக்கு பி.எஸ்.ஏ. 10 உள்ளவை உலகத்தில் 2 மட்டும். மான்டிலை விடக் குறைவு, வயதோ 27 வருடம் இளமை! காரணம் தொழிற்சாலையில் இருக்கிறது. அந்தக் கம்பனி தாள்களைக் கம்பியால் வெட்டியது, ஓரம் பிசிறு பிசிறாக வரும். கார்ட்டின் கரையோ நீல நிறம், சின்னதாய்த் தேய்ந்தாலும் வெள்ளை தெரியும். அதாவது பெட்டியிலிருந்து எடுத்த அந்த நிமிசமே அது பத்து இல்லை. அந்த இரண்டில் ஒன்று 2021இல் 3.75 மில்லியன் டொலருக்குக் கைமாறியது. இப்படிச் செய்முறையிலேயே பழுதாகி வந்த தொகுதிகளில் பத்து கிடைப்பது உண்மையான அபூர்வம், அதற்கு நான் தலை வணங்குகிறேன்.

இதை எங்கட ஊர்க்காரருக்கு விளங்கப்படுத்துவது கஷ்டமில்லை. திருகோணமலையில் காகிதம் எப்படிச் சாகும் என்று எங்களுக்குத்தான் தெரியும். மாரியில் சுவர் வியர்க்கும், அலுமாரிக்குள் வைத்த சட்டையே பூஞ்சணம் பிடிக்கும். கச்சான் காற்றடித்தால் அதே காகிதம் காய்ந்து வளையும். உப்புக் காற்று, கறையான், இராமபாணப் பூச்சி. இவை எல்லாம் அமைதியான வருடங்களின் கதை. யுத்தத்தால் 1990இல் ஓடியவர்களும் 2006இல் மூதூர், சம்பூர்ப் பக்கமிருந்து ஓடியவர்களும் கையில் எடுத்தது அடையாள அட்டை, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், இருந்த நகை. பிள்ளையின் கார்ட் கட்டை யார் எடுத்தார்? 2004 மார்கழிச் சுனாமிக்குப் பிறகு கரையோர வீடுகளில் காகிதம் என்று எதுவுமே மிஞ்சவில்லை. பல குடும்பங்களில் அப்பாவின் படம் ஒன்றுகூட இல்லை.

தொண்ணூறுகளில் இங்கே பிள்ளைகள் வைத்திருந்த கிரிக்கெட் கார்ட்களையும் மல்யுத்தக்காரரின் ட்ரம்ப் கார்ட்களையும் நினைத்துப் பார்க்கிறேன். 1996 உலகக் கிண்ணத்துக்குப் பிறகு அரவிந்த, சனத் படம் போட்ட ஒரு கார்ட்டுக்காகப் பள்ளிக்கூடத்தில் சண்டை நடக்கும். பின்பக்கத்தில் பெயர் எழுதுவோம், களவு போகாமல் இருக்க. சட்டைப் பையில் வியர்வையோடு திரியும். அதில் ஒன்று இன்றைக்கு மூலை மழுங்காமல் இருந்தால் அதற்கு எந்தக் கம்பனியும் பெரிய விலை சொல்லாது, சந்தையில் அதைத் தேடுபவர் இல்லை. எனக்கு மட்டும் அது மான்டிலுக்குச் சமம். விலை வேறு, அருமை வேறு என்பதை இங்கே மட்டும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

இனிப் புதுக் கார்ட்டுக்கு வருவோம். இன்றைக்குப் பக்கெட் உடைக்கிறவன் அதற்கு முதலே மெல்லிய பிளாஸ்டிக் உறையைப் பக்கத்தில் எடுத்து வைத்திருக்கிறான். கை கழுவிவிட்டுத்தான் தொடுகிறான். நல்ல கார்ட் வந்தால் அந்த இரவே உறைக்குள், அடுத்த வாரம் கிரேடிங்குக்கு. அச்சும் வெட்டும் முன்பைவிடத் துல்லியம். அப்படியானால் மற்றதெல்லாம் எங்கே போனது? எங்கும் போகவில்லை. எல்லாம் யாரோ ஒருவரின் பெட்டிக்குள் பத்திரமாக, அடுத்த பத்தாக வரக் காத்துக்கொண்டிருக்கிறது.

அளவையும் பாருங்கள். போக்கிமொன் கார்ட்கள் 2021 மார்ச் வரை, அதாவது முதல் 25 வருடத்தில், ஏறக்குறைய 34 பில்லியன் அச்சடிக்கப்பட்டிருந்தன. 2025 மார்ச்சில் அந்தக் கணக்கு 75 பில்லியன். நாலு வருடத்தில் இரட்டிப்பைத் தாண்டிவிட்டது. 2021 வசந்தத்தில் பி.எஸ்.ஏ.க்கு வந்து குவிந்த கார்ட்களைச் சமாளிக்க முடியாமல் பெரும்பாலான சேவைகளை அவர்களே நிறுத்திவைத்தார்கள், தேங்கியவை ஒரு கோடிக்கும் மேல். 2023இல் அம்ஸ்டர்டாம் வான் கோ அருங்காட்சியகத்தில் கொடுத்த தொப்பி போட்ட பிக்காச்சு என்ற போக்கிமொன் கார்ட்டுக்கு நடந்த நெரிசலைப் பார்த்திருப்பீர்கள். கிடைக்காது, கிடைக்காது என்று அடித்துக்கொண்டு வாங்கினார்கள். இன்றைக்கு அதில் பத்துத் தரம் போட்டவை பல ஆயிரம்.

பழைய அனுபவமும் இருக்கிறது. 1989இல் வந்த, கென் கிரிஃபி ஜூனியர் என்ற பேஸ்போல் வீரரின் கார்ட்டை ஆட்கள் முதல் நாளிலிருந்தே முதலீடு என்று பத்திரப்படுத்தினார்கள். பி.எஸ்.ஏ. 10 இப்போது நாலாயிரத்துக்கும் மேல். எல்லாரும் காப்பாற்றினால் யாருக்கும் அரிதாகாது. 1986இல் ஃபிளீர் கம்பனி வெளியிட்ட கூடைப்பந்து வீரர் மைக்கல் ஜோர்டனின் கார்ட் இடையில் நிற்கிறது: தரம் போட்டவை 20,000க்கும் மேல், பத்து முந்நூற்றுச் சொச்சம். 2021 ஜனவரியில் ஒரு பத்து 738,000 டொலருக்குப் போனது. அடுத்த வருடமே அதே தரம் அதில் மூன்றிலொரு பங்குக்கும் கீழே இறங்கியது. முந்நூறு மட்டுமே உள்ள கார்ட்டுக்கே அந்த நிலைமை என்றால், ஒவ்வொரு மாதமும் எண்ணிக்கை ஏறும் கார்ட்டைக் கடன் வாங்கி வாங்கலாமா? இதைக் கோபத்தில் எழுதவில்லை. பெடியளின் காசு போவதைப் பார்க்க எனக்கு வலிக்கிறது.

புதுக் கார்ட்டில் உண்மையான அரிது இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன். எண் போட்டு 99 மட்டும், 10 மட்டும் என்று அடிக்கிறார்கள். 2023இல் மேஜிக் என்ற கார்ட் விளையாட்டில் ஒரே ஒரு மோதிரக் கார்ட் அடித்தார்கள், உலகத்துக்கே ஒன்று. அதற்கு பி.எஸ்.ஏ. கொடுத்தது 9. ஏறத்தாழ 2 மில்லியன் டொலருக்கு விற்றதாகச் செய்தி வந்தது. ஒன்றே ஒன்று இருக்கும் கார்ட்டுக்குப் பத்தும் ஒன்பதும் ஒரு பொருட்டே இல்லை, பார்த்தீர்களா? அங்கே அரிது கார்ட்டில் இருக்கிறது, தரத்தில் இல்லை. 1999இன் முதல் பதிப்பு ஆங்கில சரிசார்ட் என்ற போக்கிமொன் கார்ட் வேறு வகை. அதை வாங்கியவர்கள் விளையாடுகிற பிள்ளைகள், அதனால்தான் பத்து சுமார் 120 அளவில் நிற்கிறது.

பழையதிலும் குழி உண்டு. ஹோனஸ் வாக்னர் என்ற பழைய பேஸ்போல் வீரரின் உலகப் புகழ் பெற்ற கார்ட்தான் பி.எஸ்.ஏ. முதன்முதலில் தரம் போட்டது, 8 கொடுத்தார்கள். அதை விற்ற பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர், ஓரத்தை வெட்டித்தான் கூர்மையாக்கினேன் என்று 2013இல் ஒப்புக்கொண்டார். பொப் ரிப்போர்ட்டில் எண் குறைவாக இருப்பதற்கு, யாரும் அந்தக் கார்ட்டை அனுப்பக் காசு செலவழிக்கவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். மொத்தம் எத்தனை வந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், புதுக் கார்ட் பிடித்திருந்தால் கூடில்லாமல் வாங்குங்கள், மிகச் சல்லிசு. உறையில் போட்டு, மாரிக்குச் சிலிக்கா பக்கெட்டோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பத்துக்குக் கொடுக்கவிருந்த காசு கையில் இருந்தால் ஒரு பழைய கார்ட்டின் 4, 5 தரத்தைத் தேடுங்கள். மூலை மழுங்கியிருக்கும், ஒரு மடிப்பு இருக்கும். பரவாயில்லை. கடைகளில் தொங்கும் தங்க நிறப் பிளாஸ்டிக் கார்ட்கள் எல்லாம் போலி, பிள்ளைகள் விளையாட மட்டும்.

இன்னொரு விசயம், பெரியவர்களுக்கு. வீட்டில் பழைய ட்ரங்குப் பெட்டி இருந்து, அதற்குள் சிகரெட் பெட்டிப் படமோ பபிள்கம் கார்ட்டோ எதுவாவது தப்பியிருந்தால், தயவுசெய்து துணியால் துடைக்கவேண்டாம், கொமினிகேசன் கடையில் கொடுத்து லமினேட் பண்ணவேண்டாம். லமினேட் பண்ணினால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. அப்படியே ஒரு கடதாசி உறைக்குள் வைத்துவிட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கோ. மூதூர் என்றாலும் வந்து பார்க்கிறேன்.