விசிலுக்கு எத்தனை புள்ளி?

(2025 ஐபிஎல் நேரம். வீட்டில் ஒரு கற்பனை அணி விளையாட்டு: நிஜ வீரர்களைத் தேர்ந்து ஆளுக்கொரு அணி, மைதானத்தில் அவர்கள் ஆடுவதற்கு ஏற்பப் புள்ளி. கணக்கு எழுதுவது நித்யா. சித்தப்பா சென்னை ரசிகர்.)

சித்தப்பா: டெல்லி மேட்சுக்கும் தோனிதான் என் கேப்டன். எழுதிக்கொள்.

நித்யா: கேப்டனுக்குப் புள்ளி இரட்டிப்பு, சித்தப்பா. பூஜ்யத்தை இரட்டித்தால் என்ன வரும்?

சித்தப்பா: மும்பை மேட்சைச் சொல்கிறாயா? அதில் அவர் அவுட்டே ஆகவில்லையே!

நித்யா: 2 பந்து, 0 ரன், நாட் அவுட். நாட் அவுட்டுக்குப் புள்ளி கிடையாது.

சித்தப்பா: அவர் இறங்கியபோது சேப்பாக்கமே அதிர்ந்தது. அந்த விசிலுக்கு?

நித்யா: விசிலுக்கும் கிடையாது.

சித்தப்பா: நல்ல ஆட்டம்தான். விக்கெட் கீப்பராக நின்று மும்பையின் சூர்யகுமாரைக் கண்மூடித் திறப்பதற்குள் ஸ்டம்பிங் செய்தாரே, அதற்காவது உண்டா?

நித்யா: 12 புள்ளி. பந்தை வீசியவர் நம் சென்னையின் நூர் அகமது. அன்று 18 ரன் கொடுத்து 4 விக்கெட். அவர் என் அணியில் இருக்கிறார்.

சித்தப்பா: பின்னால் தோனி நிற்கிற தைரியத்தில் போட்ட பந்து அது. பாதியை எனக்கு மாற்று.

நித்யா: தோனி தன் முதல் சர்வதேச ஆட்டத்தில் ரன் அவுட்டாகிப் பூஜ்யத்துடன் திரும்பினாரே, அதற்கு 11 நாள் கழித்துப் பிறந்த பையன் சித்தப்பா, நூர்!

சித்தப்பா: பிறக்கும்போதே தோனி இருக்கிற உலகம். கொடுத்துவைத்தவன்.

நித்யா: அது போகட்டும். ‘இந்தியாவுக்கு ஆடாத புதுமுகம் ஒருவர் கட்டாயம்’ என்று விதி வைத்தோமே, அந்த இடத்தில் யார்?

சித்தப்பா: தோனி.

நித்யா: 2011இல் உலகக் கோப்பையை வாங்கிய தோனியா?

சித்தப்பா: சர்வதேச ஆட்டம் ஆடி 5 வருடம் ஆகிவிட்டால் இந்திய வீரருக்குப் புதுமுகக் கணக்குத்தான். ஐபிஎல் விதி. அந்தக் கணக்கில்தான் 4 கோடி ரூபாய்க்கு அவரை வைத்துக்கொண்டார்கள். சந்தேகம் இருந்தால் கிரிக்கெட் வாரியத்தைக் கேள்.

நித்யா: அப்பா ஓய்வுபெற்றும் 5 வருடம் ஆகிறது. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு அனுப்பலாமா?

சித்தப்பா: பெங்களூருக்கு எதிராக 16 பந்தில் 30 அடித்தாரே, அதைச் சொல்ல மாட்டாயே.

நித்யா: அஸ்வினுக்கும் பின்னால், 9-ஆவதாக இறங்கி. ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு. 50 ரன்னில் தோற்றோம்.

சித்தப்பா: எனக்கு 60 புள்ளி வந்ததா, இல்லையா?

நித்யா: வந்தது. அதையும் சேர்த்துத்தான் கடைசி இடத்தில் இருக்கிறீர்கள். பழைய முழங்கால் இல்லை, 10 ஓவர் நின்று அடித்து ஆட முடியாது என்று பயிற்சியாளர் ஃபிளெமிங்கே சொல்லிவிட்டார்.

சித்தப்பா: முழங்காலுக்குப் புள்ளியைக் கழிப்பார்களா?

(சித்தப்பாவுக்கும் முழங்கால் வலி உண்டு. மாடிப்படி ஏறும்போது மட்டும் ஒப்புக்கொள்வார்.)

நித்யா: இன்னொன்று கேட்கிறேன். ஜடேஜா யார் அணி?

சித்தப்பா: என் அணி.

நித்யா: மும்பை மேட்சில் அவர் ரன் அவுட்டானபோது நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்து கைதட்டியது யார்?

சித்தப்பா: அடுத்து தோனி வருகிறாரே என்று...

நித்யா: நீங்கள் மட்டுமா? மைதானம் முழுக்க அதே கூத்து. வெற்றிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியவர் அவுட்டாகிப் போகிறார். சொந்த ஊர்க்காரர்களே கொண்டாடுகிறார்கள். அவர் அவுட்டானால் எதிரணி ரசிகர்கள்கூட இத்தனை சத்தம் போடுவதில்லை. அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு படியேற வேண்டும். டிக்கெட் வாங்கியது சென்னை ஜெயிப்பதைப் பார்க்கவா, சென்னை விக்கெட் விழுவதைப் பார்க்கவா?

சித்தப்பா: (சற்று நேரம் கழித்து) அந்த விசிலுக்கும் புள்ளி இல்லைதானே?

நித்யா: இல்லை.

சித்தப்பா: சரி. நூரை எனக்குக் கொடு. பதிலுக்கு யார் வேண்டும், கேள்.

நித்யா: தோனி.

சித்தப்பா: வேறு யாராவது.

நித்யா: அப்படியானால் அவரைத் துணைக் கேப்டனாகவாவது போடுங்கள். ஒன்றரை மடங்குதான், நஷ்டம் குறையும்.

சித்தப்பா: தோனிக்கு மேலே இன்னொரு கேப்டனா? சென்னைக் கேப்டன் ருதுராஜ் அதை மைதானத்தில் செய்துகொள்ளட்டும். என் வீட்டில் நடக்காது.