பேச்சுக்கும் கூலி கொடுங்கள்

"எங்கள் ஆட்களுக்குள் பேச்சுத் தொடர்பு சரியில்லை" என்று நூற்பாலை மேலாளர்கள் அலுத்துக்கொள்வதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. வாழப்பாடி முதல் சங்ககிரி வரை எந்த மில்லுக்குப் போனாலும் இதே புலம்பல்தான். அடுத்து என்ன செய்வார்கள் என்பதும் தெரியும். சேலம் ஐந்து ரோடு பக்கம் ஓர் ஓட்டலில் அரங்கம் பிடிப்பார்கள். வெளியூர்ப் பயிற்சியாளர் வந்து பலூன் ஊதச் சொல்வார், காதோடு காதாகச் செய்தி கடத்தும் விளையாட்டு வைப்பார், மதியம் பிரியாணி. பிரியாணியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே வந்து உட்காருகிறவர்கள் எல்லோரும் ஏற்கெனவே வாய்ச் சாலகம் உள்ளவர்கள். பேச வேண்டியவர்கள் அந்நேரம் நூல் நூற்கும் ரிங் பிரேம் மெஷின்களுக்கு நடுவில் அறுந்த நூலை ஒட்டிக்கொண்டிருப்பார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்களுக்குப் பேசத் தெரியாமல் இல்லை. பேசுவதற்கென்று சம்பளத்தோடு நேரம் ஒதுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

ஒரு மில்லில் நடந்தது இது. பெயர் வேண்டாம். 40ஆம் நம்பர் நூலில் இரண்டு ரகம் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று சாதாரணக் கார்டட், இன்னொன்று குட்டை இழைகளைச் சீவி நீக்கிய கோம்டு. கையில் வைத்துப் பார்த்தால் பழகிய கண்ணே தடுமாறும். அதனால்தான் மில்களில் நூலைச் சுற்றும் பாபினை ரகத்துக்கு ஒரு நிறமாக வைப்பார்கள். அன்று இரவு ஷிப்டில் ஒரு மெஷினைக் கார்டட்டிலிருந்து கோம்டுக்கு மாற்றினார்கள். கோம்டுக்குரிய பச்சைப் பாபின் போதவில்லை. "மஞ்சளிலேயே ஓட்டுங்கள், காலையில் சொல்லிக்கொள்ளலாம்" என்றார் மேஸ்திரி. மெஷின் நிற்கக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான்.

காலை ஏழு மணிக்கு ஷிப்ட் மாறியது. ஆத்தூர் போகிற மில் பஸ் ஏழு ஐந்துக்குக் கிளம்பிவிடும். அதை விட்டால் மெயின் ரோடு வரை நடந்துபோய்க் கூட்ட பஸ்ஸில் தொங்க வேண்டும். விடிய விடிய நின்ற கால்கள் அதற்குச் சம்மதிக்குமா? எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். மேஸ்திரி பதிவேட்டில் "ரகம் மாற்றம் ஆயிற்று" என்று ஒரு வரி கிறுக்கிவிட்டு ஓடினார். எதிலிருந்து எதற்கு, எந்த நிறப் பாபினில் என்கிற விவரமெல்லாம் அவரோடு பஸ் ஏறிப் போய்விட்டது.

கோன் சுற்றும் பிரிவில் மஞ்சள் பாபினைப் பார்த்தார்கள், வழக்கம்போலக் கார்டட் கோன்களாகச் சுற்றிக் கட்டி அனுப்பினார்கள். தறியில் ஊடையாக, அதாவது குறுக்கு நூலாக, இரண்டு ரகமும் கலந்து ஓடியது. வெள்ளைத் துணியாக இருந்தவரை எவர் கண்ணிலும் படவில்லை. சாயத்துக்குப் போய் வந்தபோது குறுக்கே பட்டை பட்டையாக விழுந்திருந்தது.

மேஸ்திரியைக்கூட நான் பெரிதாகக் குற்றம் சொல்ல மாட்டேன். காலை ஷிப்டில் அந்த மெஷினைப் பார்த்துக்கொண்ட பெண், மேலே தொங்கும் ரோவிங் பாபினின், அதாவது நூலாக முறுக்குவதற்கு முந்தைய பஞ்சுத் திரி சுற்றிய பாபினின், நிறம் வேறாக இருப்பதை அன்றே கவனித்திருக்கிறார். விசாரணையில் கேட்டபோது, "பார்த்தேன் சார். போன தடவை இப்படித்தான் ஒன்றைச் சொன்னேன். மெஷினை நிறுத்திப் பார்த்துவிட்டு, உற்பத்தி போயிற்றே என்று என்னைத்தானே திட்டினீர்கள்?" என்றார். அறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. விசாரணைக் குறிப்பில் அந்தப் பதில் ஏறவும் இல்லை.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஹார்வர்டு ஆராய்ச்சியாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தார். நன்றாக ஒத்துழைக்கும் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. கணக்கில் வந்ததோ அதிகம்! அந்தக் குழுக்களில் தவறை மறைக்காமல் வெளியே சொன்னார்கள் என்பதே அதற்கு அவர் கண்ட விளக்கம். "எங்கள் மில்லில் ஒரு புகாரும் கிடையாது" என்று எவராவது பெருமை பேசினால், அந்தப் பெண்ணின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

பட்டைத் துணி விவகாரத்துக்குப் பின் என்ன தீர்வு கண்டார்கள் தெரியுமா? இன்னொரு வாட்ஸ்அப் குழு. காலை வணக்கத்தோடு ரோஜாப்பூ, யாருடைய மகனுக்கோ பிறந்தநாள், ஏற்காடு மலைப்பாதையின் பனிமூட்டப் படம், இவற்றுக்கிடையில் ரகம் மாறும் செய்தி ஒரு வரி. அதன் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து விடுதியில் தங்கி வேலை செய்யும் பிள்ளைகளும் கட்டைவிரல் போட்டிருந்தார்கள். தமிழில் இருந்த அந்த வரியை அவர்கள் எப்படிப் படித்திருப்பார்கள் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

சூரமங்கலத்தில் நம் ஜங்ஷன் இருக்கிறது. ரயில்வேக்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். சிக்னலோடு இணைக்கப்படாத லெவல் கிராசிங்குகளில், ரயில் வருகிறது, கேட்டை மூடு என்று நிலைய அதிகாரி தொலைபேசியில் சொன்னால், கேட் கீப்பர் "மூடிவிட்டேன்" என்பதோடு விட முடியாது. தன்னிடம் இருக்கும் தாளிலிருந்து ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். பிரைவேட் நம்பர் என்பார்கள். அதை வாங்கிப் பதிவேட்டில் எழுதிய பிறகுதான் அதிகாரிக்கு அடுத்த வேலை. உத்தரவு போட்டவரே மறுமுனையிலிருந்து பதிலைக் கேட்டு வாங்கியாக வேண்டும். நம் மில்களிலோ சொன்னவர் சொன்னதோடு கை கழுவிவிடுகிறார். பழி முழுவதும் கேட்டவர் தலையில்.

ஷிப்ட் மாறும்போது இரு தரப்பும் மெஷின் பக்கத்தில் பத்து நிமிடம் நிற்கட்டும் என்றால், உடனே சட்டத்தை எடுக்கிறார்கள். உண்மைதான், 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 58ஆம் பிரிவு, ஒரே வகை வேலையில் இரண்டு ஷிப்ட் ஆட்களை ஒரே நேரத்தில் ஈடுபடுத்தத் தடை போட்டது. விலக்குப் பெறவும் அதே பிரிவில் வழி வைத்தார்கள். மிகை நேரக் கூலி என்றால் சட்டமே மறந்துபோகிறவர்களுக்கு, இதற்கு மட்டும் பிரிவு எண் வரை ஞாபகம் வருகிறது.

எல்லோரும் நிற்கத் தேவையும் இல்லை. இரண்டு ஷிப்ட் மேஸ்திரிகளும் ஒன்றாக ஒரு சுற்று நடந்தால் போதும். போகிறவர் முதலில் கெட்ட செய்தியைச் சொல்லட்டும், வருகிறவர் அதைத் திருப்பிச் சொல்லட்டும். மொழி தெரியாத பிள்ளையிடம் பாபினைக் கையில் எடுத்துக் காட்டலாம். பஸ்ஸை ஏழு இருபதுக்கு மாற்றினால் டீசல் ஒன்றும் கூடுதலாகிவிடாது.

இதையெல்லாம் ஒரு மேலாளரிடம் சொன்னேன். அவர் ஒரு தாளை எடுத்து, பத்து நிமிடத்தை மேஸ்திரிகளின் எண்ணிக்கையாலும் வருடத்து வேலை நாட்களாலும் பெருக்கிச் செலவைக் காட்டினார். பட்டை விழுந்த துணிக்காக வியாபாரிக்கு விட்டுக்கொடுத்த தொகையையும் பக்கத்திலேயே எழுதச் சொன்னேன். "அது வேறு கணக்குத் தலைப்பில் வருகிறது, சார்" என்றார்.